ஐம்பது மீட்டரில் தடுமாறிய ஏர் ரைஃபிள்: காரைக்குடிப் பட்டறை ஒன்றின் மதிப்புரை

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கத்தில், பெயர்ப்பலகை ஏதுமின்றி ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் இயங்கிவரும் ஏர் ரைஃபிள் பழுதுபார்க்கும் பட்டறையைப் பற்றி எழுத வேண்டுமென்று சில காலமாகவே எண்ணியிருந்தேன். செட்டிநாட்டு ஊர்களில் தோப்பும் காலிமனையும் வைத்திருந்து, பொழுதுபோக்காக டார்கெட் சுடுகிறவர்கள் கணிசமாகவே இருக்கிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான். பத்து மீட்டரில் ஏறத்தாழ ஒரே துளையில் விழும் பெல்லட் (காற்றின் விசையால் பாயும் சிறு ஈயக் குண்டு), ஐம்பது மீட்டருக்குப் போனதும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. இந்தக் குறையோடு போகிறவருக்கு இந்தப் பட்டறை என்ன செய்து தருகிறது, எதைச் செய்து தருவதில்லை என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நான் கொண்டுபோனது 4.5 மி.மீ. குழல் கொண்ட, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் வகை ரைஃபிள். வேறு கடைகளில் இதே குறையைச் சொன்னால், உடனே ஸ்பிரிங்கை மாற்றச் சொல்வார்கள் அல்லது விலை கூடிய ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். இந்தப் பட்டறைக்காரர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. பின்கட்டுத் தாழ்வாரத்தில் மணல்மூட்டையின் மேல் ரைஃபிளைச் சார்த்தி, முதலில் 10 மீட்டரிலும் பிறகு 25 மீட்டரிலும் சுட்டுப் பார்த்தார். ஐம்பது மீட்டருக்கு அவ்வளவு நீளம் வீட்டில் கிடையாது என்பதால், உறவினர் ஒருவரின் தோப்பில் செம்புறாங்கல் சுவருக்கு முன்னால் மணல்மூட்டை அடுக்கிவைத்திருக்கும் இடத்துக்கு மறுநாள் விடியற்காலையில் வரச் சொன்னார். மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துளைகளின் சிதறலை ஸ்கேலால் அளந்தபோது, 10 மீட்டரில் 8 மி.மீ., 25 மீட்டரில் 22 மி.மீ., 50 மீட்டரில் 15 செ.மீ. என்று வந்தது.

இந்த மூன்று எண்களை அவர் படித்த விதத்துக்காகவே இந்தப் பட்டறைக்குப் போகலாம் என்பது என் கருத்து. கை நடுக்கம், ஸ்டாக் எனும் கட்டைப்பகுதியின் தளர்ந்த ஸ்க்ரூ, ஆட்டம் காணும் ஸ்கோப் மவுண்ட் ஆகியவற்றால் வரும் பிழை கோணப் பிழை. தொலைவு ஐந்து மடங்கானால் அதுவும் ஏறத்தாழ ஐந்து மடங்குதான் ஆகும். அந்தக் கணக்குப்படி 8 மி.மீ. என்பது ஐம்பது மீட்டரில் 4 செ.மீ. ஆகியிருக்க வேண்டும். 25 மீட்டர் வரை கணக்குக்குக் கட்டுப்பட்ட சிதறல் அதற்கப்பால் கட்டுமீறியதென்றால், கோளாறு சுடுகிறவரின் கையிலோ ஸ்க்ரூவிலோ இருக்க வாய்ப்புக் குறைவு. "குண்டு வெளிய போன பிறகு நடக்குற கோளாறு தம்பி இது, அதுக்குள்ள எதுக்கு ஸ்க்ரூவக் கழட்டணும்?" என்றார். (ஆனாலும் ஸ்க்ரூக்களை முறுக்கிப் பார்க்காமல் விடவில்லை. பார்த்தார், எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.)

அடுத்து, ஐம்பது மீட்டர்க் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத் துளைகளைக் காட்டினார். சில துளைகள் வட்டமாக இருந்தன. சில நீள்வட்டமாக, ஒரு பக்கம் மட்டும் ஈயத்தின் சாம்பல் நிறக் கறையோடு கிழிந்திருந்தன. அப்படிக் கிழிந்தால் பெல்லட் நேராகப் பறக்காமல் சாய்ந்து வந்து விழுந்திருக்கிறது என்று பொருள். பத்து மீட்டர்ப் போட்டிகளுக்கென்று செய்யப்படும் தட்டைத்தலை பெல்லட், காகிதத்தில் சுத்தமான வட்டத் துளை போடுவதற்காக அமைந்தது. காற்றின் எதிர்ப்பு அதற்கு மிகுதி, இருபத்தைந்து முப்பது மீட்டரைத் தாண்டினால் பல ரைஃபிள்களில் அது நிலைகுலையத் தொடங்கிவிடும். தொலைவுக்கு உருண்டைத்தலை பெல்லட்தான் ஏற்றது. அதிலும் எந்த வகை எந்தக் குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும் என்று சொல்லி, அரை கிராமை ஒட்டிய எடையில் சில வகைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பெல்லட்டையும் போடுவதற்கு முன் அதன் அடிப்பாவாடை (பின்பக்க விரிந்த விளிம்பு) நசுங்கியிருக்கிறதா என்று நகக்கண்ணால் தடவிப் பார்ப்பது அவருக்கு வழக்கம். பெல்லட் மாற்றியதாலேயே சிதறல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

குழல் வாயைச் சோதித்த முறை எளிமையானது. காது குடையும் பஞ்சுக் குச்சியை வாயின் விளிம்பில் மெதுவாகச் சுற்றினார். ஓரிடத்தில் பஞ்சின் இழை சிக்கிக்கொண்டது. விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்று இருந்தாலும், வெளியேறும் நொடியில் பெல்லட்டுக்குப் பின்னாலுள்ள காற்று ஒரு பக்கமாக முந்திக்கொண்டு அதைச் சாய்த்துவிடும். பிசிறை நீவிவிட்டு, தூண்டில் நரம்பில் துணித்துண்டைக் கட்டி, பின்வாயிலிருந்து முன்வாய் நோக்கி இழுத்துக் குழலைத் துடைத்தார். முதல் துணி கன்னங்கரேலென்று வந்தது. இதனால் கிடைத்த பலன் பெரிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் துளைகள் மேலும் கீழுமாகப் பரவி விழுந்தன. அது வேகத்தில் வரும் ஏற்றத்தாழ்வின் அடையாளம். க்ரோனோகிராஃப் வைத்து அளந்தபோது, ஒரு குண்டு நொடிக்கு 240 மீட்டர் வேகத்திலும் இன்னொன்று 228 மீட்டர் வேகத்திலும் போய்க்கொண்டிருந்தன. பத்து மீட்டரில் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூடத் தெரியாது; ஐம்பது மீட்டரிலோ ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் உயர வேறுபாடாகிவிடும். குழல் மடங்கும் இடத்தில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டொன்றை வைத்துச் சுட்டார். துண்டு துள்ளி விழுந்தது. காற்றைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஓ-ரிங் தேய்ந்திருந்தது. புது ஓ-ரிங் போட்டதும் வேக வேறுபாடு நொடிக்கு நான்கைந்து மீட்டருக்குள் அடங்கியது. மொத்தப் பழுதுபார்ப்பிலும் விலை குறைந்த பொருள் இதுதான்.

ஸ்கோப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. கண்ணைச் சற்றே இடமும் வலமும் அசைத்தால் குறுக்குக் கம்பி டார்கெட்டின் மேல் நகர்வதாகத் தெரிவதைப் பாரலாக்ஸ் என்பார்கள். அதைச் சரிசெய்ய ஸ்கோப்பில் உள்ள வளையத்தைப் பத்து மீட்டருக்கு வைத்தபடி அப்படியே விட்டுவிட்டு ஐம்பதில் சுட்டால், கன்னத்தை ஸ்டாக்கில் பதிக்கும் இடம் மாறும்போதெல்லாம் குண்டும் இடம் மாறும். வளையத்தில் அச்சிட்ட எண்களை நம்பாமல், கம்பி அசையாமல் நிற்கும் இடத்தைத் தானே கண்டுபிடித்து, 10, 25, 50 மீட்டர்களுக்கு வெள்ளைப் பெயின்ட்டால் மூன்று புள்ளிகள் வைத்துக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து, காற்று அசையாத காலையில் சுட்டபோது ஐம்பது மீட்டரில் 5 செ.மீ.க்குச் சற்று மேலாக வந்தது. ஸ்பிரிங் ரைஃபிளுக்கு இது நல்ல அளவே. வெயில் ஏறியதும் அதே ரைஃபிள், அதே பெல்லட், விளைவு வேறாகிவிட்டது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் இளங்காற்றே அரை கிராம் பெல்லட்டை ஐம்பது மீட்டரில் மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிவிடும். அம்மியே பறக்கும் ஆடி மாதத்தில் இதற்காக அவரிடம் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. அவரும் அந்த மாதத்தில் ஐம்பது மீட்டர்ச் சோதனைக்கு ஒப்புக்கொள்வதில்லை.

அவர் மறுக்கும் வேலைகளையும் குறிப்பிட வேண்டும். வலுவான ஸ்பிரிங் போட்டு வேகத்தைக் கூட்டித் தரச் சொன்னால் முடியாதென்று விடுவார். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்குத்தான் உரிமம் தேவையில்லை. அரை கிராம் பெல்லட் நொடிக்கு 283 மீட்டரைத் தொட்டாலே அந்த 20 ஜூல் வந்துவிடும். அதையும் மீறி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டராக இருக்கும் ஒலியின் வேகத்தை நெருங்கினால், பெல்லட் தடுமாறி, துல்லியம் இன்னும் கெட்டுப்போகும். வேகத்தைப் பெரிதாக அச்சடித்து விற்கும் பெட்டிகளைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். பறவை சுடுவதற்கென்று யாராவது வாய் திறந்தால் ரைஃபிளை வாங்கவே மாட்டார். கொள்ளுக்குடிப்பட்டியில் சரணாலயப் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத மக்கள் வாழும் மாவட்டம் இது. அவருடைய கண்டிப்பு எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

குறைகளும் இருக்கின்றன. ரைஃபிளை ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறார். இடையில் போன் செய்தால் எடுப்பது அரிது. என்னென்ன மாற்றினார், வேகம் எவ்வளவு வந்தது என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதித் தருவதில்லை, பில்லும் கிடையாது. கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் நம்மிடம் இருக்காது. அவரிடம் விற்பனைக்கு இருக்கும் பெல்லட் டின்களில் சில கீழே விழுந்து அடிவாங்கியவை போலிருந்தன. பாவாடை நசுங்கிய பெல்லட்டைப் பற்றி அவ்வளவு சொல்கிறவர் அவற்றை ஒதுக்கி வைத்திருக்கலாம். காற்றை முன்கூட்டியே அடைத்துவைக்கும் பிசிபி ரைஃபிள்களின் ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக வைக்கும் பகுதி) வேலையை அவர் எடுத்துக்கொள்வதில்லை. அத்தகைய ரைஃபிளில் சிலிண்டர் அழுத்தம் இறங்க இறங்க குண்டு மேலேறியோ கீழிறங்கியோ போகிறதென்றால், தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்தைத்தான் நாட வேண்டும்.

கூலி நியாயமானது, சோதனைக்கும் வேலைக்கும் சேர்த்து என்னிடம் அவர் வாங்கிய தொகை, மற்ற இடத்தில் ஸ்பிரிங் மாற்றக் கேட்ட தொகையை விடக் குறைவு. போகிறவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பெல்லட் டின்னையும், ஐம்பது மீட்டரில் சுட்ட பழைய காகிதங்கள் இருந்தால் அவற்றையும் கையோடு கொண்டுபோவது நல்லது. முதல் நாள் வேலை அதனால் மிச்சமாகும். ரைஃபிளை உறையில் போட்டு, வாங்கிய ரசீதையும் உடன் வைத்துக்கொண்டு போங்கள். மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை கதவு அடைத்திருக்கும், தட்டினாலும் திறப்பதில்லை.