கடலிலிருந்து 400 மீட்டரில் இரும்பு கேட், கிரில்: 11 வருட அனுபவம்

நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். 400 மீட்டர்தான் இருக்கும். 2014 தை மாதம் குடிவந்தோம். முன்வாசல் கேட், ஆறு ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, துணி காயப்போடும் சட்டம் என்று வெளியே இருந்ததெல்லாம் ஏதோ ஒரு வகை இரும்பு. இந்த 11 வருடத்தில் அவற்றில் சிலதைத் தூக்கிப் போட்டாயிற்று. சிலது இன்னும் உறுதியாக நிற்கிறது. எது ஏன் போனது, எது ஏன் நின்றது என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கேட்டுக்கும் கிரில்களுக்கும் முதலில் ஒரே வைத்தியம்தான். பட்டறையில் ஒரு கோட் ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு), வீட்டுக்கு வந்ததும் இரண்டு கோட் எனாமல். ஒரு வருடம் பளபளவென்று இருந்தது. இரண்டாம் வருடம் கேட்டின் அடிச்சட்டத்தில் பெயிண்ட் அம்மைக் கொப்புளம் போல எழும்பியது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே ஈரமான செந்தூள். இரும்பைவிடத் துருவுக்கு இடம் பல மடங்கு வேண்டும், அதனால் அடியிலிருந்து தள்ளித் தள்ளி மேலே இருக்கிற நல்ல பெயிண்டையும் பெயர்த்துவிடும். 2017இல் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, மறுபடி ரெட் ஆக்சைடு, மறுபடி எனாமல். அது ஒரே ஒரு ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் தாங்கியது.

அப்போது ஒரு விஷயம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மழையில் நன்றாக நனைகிற கேட்டின் மேல்பாகம் சுமாராக இருக்கிறது. சன்ஷேடுக்கு அடியில், ஒரு சொட்டு மழை படாத கிழக்கு ஜன்னல் கிரில் அதைவிட மோசமாகத் துருப்பிடிக்கிறது. தண்ணீர் பட்டால் துரு என்றுதானே நாம் நினைக்கிறோம்? நான் வெகுநாள் அந்தக் கிரிலைச் செய்த பட்டறையின் மேல் சந்தேகப்பட்டேன்.

விடை பக்கத்துத் தெருவில் இருந்தது. படகு இன்ஜின் வேலை பார்க்கும் ஒருவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கிரிலைப் பார்த்துவிட்டு, "இதைக் கழுவுவீங்களா தம்பி?" என்று கேட்டார். கிரிலை யார் கழுவுவார்கள் என்றேன். "கடலுக்குப் போய்வந்த இன்ஜினை நல்ல தண்ணி விட்டுக் கழுவாம நாங்க வைக்கிறதே இல்ல. இந்த ஜன்னலும் தினம் கடலுக்குப் போய்வந்த மாதிரிதான். கேட்டை மழை கழுவுது. இதை யார் கழுவுறா?" என்றார். அன்று சாயங்காலமே ஜன்னல் கண்ணாடியை விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் நீர்த்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு, அதாவது நம் சாப்பாட்டு உப்பு, தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். எங்கள் ஊரில் ராத்திரி முழுக்க அந்த ஈரம் சாதாரணம். கடலுப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் உண்டு. அதற்கு 33 சதவீதமே போதும். அதாவது நடுப்பகலில், நம் கண்ணுக்குக் காய்ந்து தெரிகிற கிரில்லின் மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். அந்த உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேலை வேகமாக நடக்கிறது. உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால் நிலைமை இன்னும் கெடும். பெயிண்டுக்கு அடியில் மாட்டிய உப்பு, வெளியே இருக்கும் ஈரத்தைப் பெயிண்ட் வழியாகவே உள்ளே இழுக்கும். என் கேட்டில் எழும்பிய கொப்புளங்கள் அப்படி வந்தவைதான். 2017இல் துருவைச் சுரண்டினோமே தவிர, உப்பைக் கழுவவே இல்லை.

சரி, கழுவலாம் என்று ஆரம்பித்ததிலும் ஒரு தவறு செய்தேன். ஓஸ் பைப்பைப் போர்வெல் மோட்டாரில் மாட்டி ஒரு வருடம் அடித்தேன். கடலோரத்துப் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். காய்ந்ததும் கிரில் முழுக்க வெள்ளைப் பூத்தது. அண்ணன் "நல்ல தண்ணி" என்று சொன்னதில் அந்த "நல்ல" முக்கியம். இப்போது குழாயில் வரும் குடிதண்ணீர் அல்லது தொட்டியில் பிடித்த மழைநீர் மட்டும்தான். செடிக்குத் தெளிக்கும் 5 லிட்டர் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன். ஒரு தடவை நிரப்பினால் கேட்டுக்கும் இரண்டு கிரிலுக்கும் வரும். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரிலும் இது சாத்தியம்.

2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. விடிந்ததும் பார்த்தால், விழாமல் நின்ற மரங்களிலும் கடல் பக்கத்து இலைகள் உப்பால் கருகிக் கிடந்தன. கரண்ட் இல்லை, குடிக்கவே தண்ணீர் இல்லை, கேட்டைப் பற்றி நினைக்கும் நேரமா அது? இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அடிச்சட்டத்தில் விரல் நுழைகிற அளவு ஓட்டை. கிழக்கு ஜன்னல் கிரில் இரண்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

2019 ஆனி மாதம் கேட்டை முழுதாகக் கழற்றிச் சரிசெய்தேன். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். தரைக்காற்று என்பதால் மதியம் வரைக்கும் உப்பு குறைவு. பெயிண்ட் வேலைக்கு அதைவிட நல்ல நேரம் எங்களுக்குக் கிடையாது. தூசி வரும், படுதா கட்டிக்கொள்ளலாம்.

அந்த வேலையில் நேரமெல்லாம் போனது பெயிண்டுக்கு முன்னால்தான். போன அடிச்சட்டத்தை வெட்டி எடுத்துப் புதுச் சதுரக் குழாய் வைத்தோம். குழாயின் வாயை முழுக்க வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னேன். அரைகுறையாக அடைத்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. அப்படி அடைக்க முடியாத இரண்டு இடத்தில் அடியில் சின்னத் துளை போட்டு வடிய விட்டோம். பழைய கேட்டில் பட்டையின் மேல் பட்டையை வைத்து நாலு புள்ளி மட்டும் வெல்டிங் வைத்திருந்தார்கள். அந்த இடுக்குகளில்தான் துரு முதலில் ஆரம்பித்திருந்தது. இப்போது எல்லா இணைப்பிலும் சுற்றிலும் வெல்டிங். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவையும் வெல்டிங் கசடையும் எடுத்தோம். நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவினோம். பள்ளத்துக்குள் இருக்கும் உப்பு ஒரே தடவையில் வராது. பட்டறைக்காரர் பொறுமையிழந்துவிட்டார். "தண்ணி பட்டா துருப்பிடிக்கும் சார்" என்றார். கழுவிய ஒரு மணி நேரத்தில் இலேசாகச் செம்மை பூக்கத்தான் செய்தது. காய்ந்த எமரித்தாளால் அதைத் தேய்த்துவிட்டு உடனே பிரைமர் அடித்தோம்.

பிரஷ் எட்டாத குழிகளில் மட்டும் துருமாற்றி திரவம் தடவினேன். டானிக் அமிலம் சேர்ந்தது. தடவியதும் துரு கருநீலமாகி, கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். நம் ஆட்கள் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான் இது. கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. ஆனால் இந்தத் திரவத்தை நம்பித் துருவைச் சுரண்டாமல் விட்டால் பயனில்லை. மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். ஒரு கிரிலில் அப்படிச் செய்து பார்த்தேன். ஒரு வருடத்தில் ஏடு ஏடாக உரிந்தது.

அப்புறம் ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அதன் மேல் பாலியூரித்தேன் இரண்டு கோட். இரண்டும் ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிப்பவை. கலந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், எங்கள் வெயிலில் இன்னும் சீக்கிரம் இறுகும். எபாக்சியை மட்டும் அடித்து நிறுத்தினால் வெயிலில் வெளுத்து மாவாக உதிரும், அதனால்தான் மேலே பாலியூரித்தேன். அதன் புகையும் ஆவியும் நுரையீரலுக்கு நல்லதல்ல, சரியான முகமூடி போடாமல் யாரையும் அடிக்க விடாதீர்கள். விளிம்புகளில் எந்தப் பெயிண்டும் விலகி மெல்லிசாகிவிடும். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் விளிம்பு, வெல்டிங், கீல் இவற்றுக்கு மட்டும் பிரஷால் தனியாக ஒரு கை. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு ராத்திரி போனால், காலையில் நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து உலர்த்திவிட்டுத்தான் அடுத்த கோட். எனாமலைவிடச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. ஆறு வருடம் ஆகிறது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை.

துணி காயப்போடும் சட்டத்தின் கதை வேறு. முதலில் கடையில் கிடைக்கும் ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். "ஜிஐ துருப்பிடிக்காது" என்ற வார்த்தையை நம்பாதீர்கள், எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துத்தநாகம் என்று கேளுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து வளைத்துச் செய்யும் மெல்லிய குழாயில் பெரும்பாலும் 20 மைக்ரானோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். கடுமையான கடலோரச் சூழலில் வருடத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை போகும் என்பது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் கணக்கு. எங்கள் வீட்டில் நான்காம் வருடம் சிவந்தது கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அதுவும் முதலில் போனது வெல்டிங் வைத்த இடங்கள், அங்கே சூட்டில் துத்தநாகம் எரிந்துவிட்டிருந்தது. இரண்டாவது சட்டத்தை முழுதாகச் செய்து, துளைகளெல்லாம் போட்டபிறகு, உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கக் கொடுத்தேன். தொட்டி 450 டிகிரி சூடு இருக்கும். இதில் 3 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள இரும்புக்கு 70 மைக்ரான் படியும். 2018இல் வைத்தது, கஜாவையும் பார்த்தது, இன்னும் சாம்பல் நிறம் மாறவில்லை. பெயிண்டே அடிக்கவில்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் கிரில், கேட் எல்லாவற்றையும் இப்படி முக்கி எடுத்துவிட்டால் நான் பட்ட பாட்டில் பாதி இருக்காது. ஒரே சிரமம், அந்தத் தொட்டி எல்லா ஊரிலும் இல்லை, வண்டிவாடகை சேரும்.

மாடிப்படிக்கு 304 ரக எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி. அதிலும் ஒரு வருடத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு வந்தது. மேலோட்டமான கறைதான், சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். இரும்புநார் போட்டுத் தேய்க்கக் கூடாது, நாரின் துணுக்கு ஒட்டி அதுவே துருப்பிடிக்கும். பக்கத்தில் டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றியபோது அதன் ஆவி பட்டே கைப்பிடி முழுக்கப் புள்ளி விழுந்தது. கடலோரத்துக்கு 316தான் ஏற்றது, அதில் உப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது. விலை அதிகம்.

கடல் பக்கத்தில் இருந்தால் இரும்பு போகத்தான் செய்யும் என்று ஊரில் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகம் துருப்பிடித்து அரிவதைச் சோதிக்க ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊரில் தளம் வைத்திருக்கிறது. அவ்வளவு கடுமையான கடற்கரை அது. அதே மண்டபத்தை ஒட்டி, கடலுக்கு நடுவிலேயே, 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது. இடைவிடாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்த கைகள் இல்லாமல் அது நடந்திருக்காது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்ற சிலிக்கான் வகைப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் வழக்கம் இதுதான். மழை இல்லாத மாதங்களில் கிரில்களுக்கு வாரம் ஒருமுறை, கேட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளிப்பான். சன்ஷேடுக்கு அடியில் இருப்பவற்றுக்கு மழைக்காலத்திலும் விடுமுறை கிடையாது. புரட்டாசியில் ஒரு காலைப்பொழுது ஒதுக்கி, டார்ச் அடித்து இடுக்கெல்லாம் பார்ப்பேன். கடுகளவு செம்மை தெரிந்தாலும் அன்றே சுரண்டி, கழுவி, பிரைமர் தொட்டுவிடுவேன். இந்த வருடம் கண்டது ஒன்றுதான்: கேட்டின் கீழ்க் கீலில், இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருந்தது. அங்கே பெயிண்ட் நிற்காது, கிரீஸ் வைத்திருக்கிறேன். கீலை மாற்றும்போது உரசும் பாகத்துக்குப் பித்தளை வாஷர் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன், இரும்பும் பித்தளையும் உப்பில் சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் போகும் என்பதால் நடுவில் நைலான் வைக்கலாமா என்றும் பட்டறையில் கேட்டிருக்கிறேன்.