60 ஹெர்ட்ஸுக்கு இறக்கி ஓட்டிய அனுபவம்: பேட்டரி மிச்சம், எழுத்து மங்கல்

மாலைக்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற ஹெர்ட்ஸ் எண்ணை, 120-இலிருந்து 60-க்குக் குறைத்தால் தாக்குப்பிடிக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாக்குப்பிடிக்கும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நான் மாதக்கணக்கில் அப்படி ஓட்டியவன். அதிலும் என் போனுக்கு இப்போதுதான் பேட்டரி மாற்றியிருக்கிறேன், அதனால் இதே கேள்வி எனக்கும் திரும்ப வந்து நிற்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் போனில் இருப்பது 120 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி திரை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை. எல்டிபிஓ வகை அல்ல. இந்த வித்தியாசத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்டிபிஓ திரைகள் படம் அசையாமல் இருக்கும்போது தாமாகவே வெகு கீழே இறங்கிவிடும். 2021-இல் வந்த ஐபோன் 13 ப்ரோ 10 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது, அடுத்த ஆண்டு 14 ப்ரோ 1 ஹெர்ட்ஸுக்கே போனது. அந்த மாதிரி திரை உங்களிடம் இருந்தால் கையால் குறைப்பதில் மிஞ்சப்போவது குறைவு. என் போனுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. 60 அல்லது 120, நடுவில் எதுவும் இல்லை.

சரி, சேமிப்பு எங்கிருந்து வருகிறது? 120-இல் ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க போனுக்குக் கிடைப்பது 8.3 மில்லி நொடி. 60-இல் 16.7. நேரம் பாதியானால் செயலியும் கிராபிக்ஸும் கெடு தவறாமல் முடிக்க அடிக்கடி விழித்தெழ வேண்டும், வேகமாக ஓட வேண்டும். திரையை இயக்கும் சிப்பும் இரண்டு மடங்கு தடவை பிக்சல்களைப் புதுப்பிக்க வேண்டும். பழைய பேட்டரி தளர்ந்துபோன காலத்தில் 60-க்கு இறக்கியதும் எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. இரவு வரை சார்ஜ் வந்தது. நீண்ட நேரம் படிக்கும்போது போனின் முதுகு சூடாவதும் குறைந்தது. இந்த இரண்டும் உண்மையான லாபங்கள்.

ஆனால் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில், டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் 'ஷோ ரெஃப்ரெஷ் ரேட்' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் திரை அந்த நொடியில் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்பது ஓரத்தில் எண்ணாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டு 120-க்கு ஏற்றிப் பார்த்தேன். விரல் திரையில் நகரும்போது 120. விரலை எடுத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் 60. வீடியோ ஓடினால் 60. நான் விளையாடும் விளையாட்டிலும் 60-தான், அதற்கு மேல் அது போவதில்லை. அதாவது செட்டிங்ஸில் 120 என்று எழுதியிருந்தாலும், அந்த 120 உயிரோடு இருப்பது நான் ஸ்க்ரோல் செய்யும் நேரத்தில் மட்டும்தான். கையால் 60 ஆக்கும்போது நான் மிச்சம் பிடிப்பதும் அந்த நேரத்திலிருந்து மட்டும்தான். என் கண் வித்தியாசத்தைப் பார்க்கக்கூடிய நேரமும் அதுவே! மற்ற எல்லா நேரத்திலும் போன் ஏற்கனவே மிச்சம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இது தெரிந்த பிறகுதான் எனக்கு எரிச்சல் கூடியது. காரணம், நான் போனில் பார்ப்பதைவிடப் படிப்பது அதிகம். நீண்ட கட்டுரைகள், கதைகள். பக்கத்தை நிறுத்தி நிறுத்திப் படிக்கும் பழக்கம் எனக்கில்லை. விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே, நகரும் வரிகளைக் கண்ணால் பிடித்துக்கொண்டே படிப்பேன். 60 ஹெர்ட்ஸ் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. திரையின் உயரம் 2400 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியில் அரைத் திரை நகரும் வேகத்தில் தள்ளினால், எழுத்து நொடிக்கு 1200 பிக்சல் நகர்கிறது. கண் அதைச் சீராகத் தொடர்கிறது. ஆனால் திரை அப்படிச் சீராக நகர்த்துவதில்லை. ஒரு படத்தைக் காட்டி, அடுத்த படம் வரும்வரை அதை அதே இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. கண் நகர்கிறது, படம் நிற்கிறது, இந்த இடைவெளி விழித்திரையில் இழுவையாக விழுகிறது. 60-இல் அந்த இழுவை 20 பிக்சல். 120-இல் 10. தமிழ் எழுத்தில் ஒரு புள்ளியின் அகலம் சில பிக்சல்கள்தான். 20 பிக்சல் மேலும் கீழும் இழுபட்டால் புள்ளி மேலே உள்ள வரியின் அடியில் கரைந்துபோகிறது. 'பால்' 'பால' ஆகிறது. இகரக் கொக்கியும் ஈகாரச் சுழியும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆங்கிலப் பக்கங்களில் இது இவ்வளவு உறுத்தவில்லை. மேலும் கீழும் குறிகள் தாங்கி நிற்கும் நம் எழுத்துக்குத்தான் செங்குத்து இழுவை அதிகமாக வலிக்கிறது. 120-இலும் இழுவை முழுக்கப் போய்விடாது, ஆனால் மெல்லத் தள்ளும்போது புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. திரும்ப ஏற்றிய அன்று முதல் பத்தியிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது, சந்தோஷமாக இருந்தது.

'பழகிவிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. வீடியோ பார்க்க, பேச, தட்டச்சு செய்ய, வரைபடம் பார்க்க, எல்லாவற்றுக்கும் 60 பழகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். விரல் தொடுவதைத் திரை உணரும் வேகம் வேறு கணக்கு, 60-க்கு இறக்கினாலும் அது அப்படியே இருக்கலாம். ஸ்க்ரோல் செய்துகொண்டே படிப்பது மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

60 பக்கம் நின்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருட்டில் வெளிச்சத்தை மிகக் குறைத்துப் படிக்கும்போது, 60-க்கும் 120-க்கும் மாறி மாறித் தாவும் திரையில் சாம்பல் நிறப் பின்னணி லேசாகத் துடிக்கும். ஓஎல்இடியில் ஒவ்வொரு வேகத்துக்கும் நிறத்தைத் தனித்தனியாகச் சீர்செய்ய வேண்டும், குறைந்த வெளிச்சத்தில் அது சரியாகப் பொருந்துவது கடினம். 2019-இல் 90 ஹெர்ட்ஸோடு வந்த கூகுளின் பிக்சல் 4 போன், வெளிச்சம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் 60-க்கு இறங்கிவிடும்படி விற்பனைக்கு வந்தது, அப்போது அது பெரிய பேச்சாகவும் ஆனது. என் போனை 60-இலேயே பூட்டி வைத்திருந்த காலத்தில் இந்தத் துடிப்பு அறவே இல்லை. இரவு வாசிப்புக்கு அது பெரிய நிம்மதி. இப்போது துடிப்பு திரும்ப வந்துவிட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

சார்ஜ்தான் உங்கள் கவலை என்றால், ரெஃப்ரெஷ் ரேட்டைத் தொடும் முன் வெளிச்சத்தைப் பாருங்கள். பர்டூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் ஓஎல்இடி போன்களில் அளந்து சொன்னது: முழு வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணியிலிருந்து கறுப்புப் பின்னணிக்கு மாறினால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் மின்சாரம் மிச்சம். வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தால் அதே மாற்றம் தருவது வெறும் 3 முதல் 9 சதவீதம். பேட்டரியை விழுங்குவது எது என்று இதிலிருந்தே தெரிகிறது. வெயிலில் அதிகம் நிற்பவர் கறுப்புப் பின்னணிக்கு மாறட்டும். வீட்டுக்குள் இருப்பவர் வெளிச்சத்தைக் குறைக்கட்டும். அப்புறமும் போதவில்லை என்றால் 60.

நான் நண்பருக்குச் சொன்ன வழி இது: 120-ஐ அப்படியே விட்டுவிட்டு, பேட்டரி சேவரைக் குறிப்பிட்ட சதவீதத்தில் தானாக இயங்க வையுங்கள். பெரும்பாலான போன்களில் அது வந்ததும் திரை 60-க்கு இறங்கிவிடும், ப்ரோ வகை ஐபோன்களின் லோ பவர் மோடும் அப்படித்தான். ஐபோனில் நிரந்தரமாகவே 60 வேண்டுமென்றால் ஆக்சஸிபிலிட்டிக்குள் மோஷன் பகுதியில் 'லிமிட் ஃபிரேம் ரேட்' இருக்கிறது. 90 ஹெர்ட்ஸ் தேர்வு உள்ள போன் என்றால் யோசிக்காமல் அதை வையுங்கள், இழுவை 13 பிக்சலுக்கு வந்துவிடும், சூடும் அடங்கும். நண்பர் படிப்பவர் அல்ல, வீடியோ பார்ப்பவர். அவருக்கு 60-ஏ போதும், அதையும் சொல்லிவிட்டேன்.

கணக்குப் போட்டால் என் போனிலும் 60-தான் ஜெயிக்கிறது. சார்ஜ், சூடு, இரவில் துடிக்காத திரை என்று மூன்றும் அதன் பக்கம். ஆனாலும் பேட்டரி மாற்றிய அன்றே 120-க்குப் போய்விட்டேன், இறக்கப்போவதில்லை. படிக்கும் ஆப்பில் மட்டும் 120, மற்றதில் எல்லாம் 60 என்று ஆப் வாரியாக வைத்துக்கொள்ளும் வசதி சில நிறுவனங்களின் போன்களில் இருக்கிறது. என் போனைச் செய்தவர்கள் அதைத் தரவில்லை. இத்தனை அப்டேட்டுகளில் எவ்வளவோ மாற்றினார்கள், இந்த ஒரு சின்ன பட்டியலைச் சேர்க்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அடுத்த போன் வாங்கும்போது நான் முதலில் திறந்து பார்க்கப்போவது அந்தப் பட்டியல் இருக்கிறதா என்பதைத்தான்.