உபுண்டு 24.04-இல் போஸ்ட்கிரெஸ் 16: நிறுவுவது சுலபம், அனுமதிதான் படுத்தும்

போஸ்ட்கிரெஸ் ஒரு டேட்டாபேஸ் மென்பொருள். உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் நிறுவினால் சர்வீஸ் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். அதுவரை குறையே இல்லை.

ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) இருந்துகொண்டு, டேட்டாபேஸுக்குள் நுழையும் கட்டளையான பிஎஸ்க்யூஎல் என்று அடித்தால் உள்ளே விடாது. உள்ளூர் இணைப்புக்கு 'பியர்' முறை; லினக்ஸ் பயனர் பெயரும் டேட்டாபேஸ் பயனர் பெயரும் ஒத்துப்போக வேண்டும். முதல்முறை சூடோ (வேறொரு பயனராகக் கட்டளையை ஓட்டும் வசதி) வழியாக போஸ்ட்கிரெஸ் பயனராகத்தான் நுழைய முடியும்.

வெளியிலிருந்து இணைய இரண்டு இடத்தில் கைவைக்க வேண்டும். எந்த முகவரிகளில் இணைப்பை ஏற்பது என்று சொல்லும் லிசன்_அட்ரஸஸ் அமைப்பை மாற்றினால் ரீஸ்டார்ட். யார், எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்புக்கு ரீலோட் போதும். முதலாவது விட்டுப்போனால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்', இரண்டாவது என்றால் 'நோ பிஜி_ஹெச்பிஏ என்ட்ரி'. பிழைச் செய்தியே தவறைக் காட்டிக்கொடுப்பது பெரிய நிம்மதி. போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை ஊருக்கே திறக்காமல், ஆப் சர்வரின் ஐபிக்கு மட்டும் விடுங்கள்.

பழைய வழிகாட்டிகளை அப்படியே ஒட்டுபவர்கள் மாட்டுவது, டேபிள்கள் இயல்பாக உருவாகும் இடமான பப்ளிக் ஸ்கீமாவில். டேட்டாபேஸுக்கு 'கிராண்ட் ஆல்' (எல்லா அனுமதியும்) கொடுத்தாலும் டேபிள் உருவாக்க அனுமதி மறுக்கப்படும். 15-ஆம் பதிப்பில் வந்த மாற்றம் இது. டேட்டாபேஸ் உருவாக்கும்போதே ஆப் பயனரை ஓனராக்கிவிட்டால் தொல்லை இல்லை.

தரவை ராமில் வைத்துக்கொள்ளும் ஷேர்ட்_பஃபர்ஸ் இயல்பாக 128 எம்பி, சுத்தக் கஞ்சத்தனம். 8 ஜிபி ராம் உள்ள தனி சர்வரில் 2 ஜிபி வையுங்கள். வரிசைப்படுத்தல் (சார்ட்) போன்ற வேலைக்கான ராம் அளவான வொர்க்_மெம்மின் இயல்பான 4 எம்பியைக் கண்மூடித்தனமாக ஏற்ற வேண்டாம்: அது இணைப்புக்கு ஒன்று அல்ல, ஒரே குவெரியில் ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனி.

லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) அமைக்காத கண்டெய்னரில் நிறுவினால் என்கோடிங், எழுத்துகளை அல்லாமல் பைட்டுகளை எண்ணும் எஸ்க்யூஎல்_ஆஸ்கி ஆகிவிடலாம். 'அ' என்ற ஓரெழுத்தின் நீளம் 3 என்று வந்தால் அதுதான் காரணம். தரவு ஏற்றும் முன்பே யூடிஎஃப்8-இல் கிளஸ்டரை (டேட்டாபேஸ்கள் அடங்கிய தொகுப்பை) மறுபடி உருவாக்கிவிடுங்கள்.