கீழ் முதுகு விறைப்புக்குக் கைமுறைச் சிகிச்சை: ஊர்ப் பயணத்தில் பெற்ற அனுபவம்

வெளிநாட்டில் நாள் முழுவதும் அமர்ந்தே வேலை செய்வதால் எனக்கு ஏற்பட்டிருந்த இடுப்பு விறைப்பை நீண்ட விமானப் பயணம் மேலும் கூட்டிவிடவே, ஊருக்கு வந்ததும் ஓர் இயன்முறை சிகிச்சை நிலையத்தை நாடினேன். முதுகில் கை வைப்பதற்கு முன்பு அங்கிருந்த சிகிச்சையாளர் விசாரித்த விதமே முதலில் நம்பிக்கை தந்தது. சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறதா, தொடைகளின் உட்பகுதி மரத்துப்போகிறதா, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ உண்டா, எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதாக யாரேனும் சொல்லியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும் என்றார்.

அடுத்து, இடுப்பின் பின்புறக் குழிகளை இணைக்கும் கோட்டுக்கு மேலே 10 செ.மீ., கீழே 5 செ.மீ. தொலைவில் பேனாவால் புள்ளி வைத்து, என்னைக் குனியச் சொல்லி நாடாவால் அளந்தார். நிமிர்ந்து நிற்கையில் 15 செ.மீ. இருக்கும் அந்த இடைவெளி, நன்றாக வளையும் முதுகில் 20 செ.மீ. அளவுக்கு விரியும், எனக்கு 18-ஐக்கூட எட்டவில்லை. இடுப்பு மூட்டுகளையும் பின்தொடைத் தசைகளையும் தனியே சோதித்தார், ஏனெனில் குனிய முடியாமைக்கு முதுகு மட்டுமே காரணமாக இருப்பதில்லை.

பிறகு என்னைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியை ஒவ்வொரு முள்ளெலும்பின் மீதும் பதித்துச் சீரான தாளத்தில் அழுத்தினார். இவ்வாறு அழுத்துவதற்கு ஆஸ்திரேலிய இயன்முறை சிகிச்சையாளர் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் வகுத்த படிநிலைகளில் முதல் இரண்டும் வலியைத் தணிப்பதற்கானவை. மூன்றாவதும் நான்காவதும் மூட்டு அசையும் எல்லைவரை சென்று விறைப்பைத் தளர்த்துபவை. எனக்கு மூன்றாவது படிநிலையே போதுமென்று அவர் முடிவு செய்தார். அழுத்தம் ஆழமாக இருந்தாலும் வலிக்கவில்லை. எழுந்து குனிந்தபோது விரல்கள் முன்பைவிடக் கீழே சென்றன.

இதற்கு முன் வேறோர் இடத்தில், எதையும் விசாரிக்காமல் நெட்டி முறித்துவிட்டு, விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழால் எழுவது; எலும்பு இடம் மாறியதற்கு அது சான்றாகாது. எலும்பு விலகியிருக்கிறது என்ற அச்சத்தோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது அவரைக் குனியவே தயங்கவைக்கும் என்பதால், இந்தப் பேச்சு எனக்குப் பெரும் தவறாகவே படுகிறது.

கையால் கிடைக்கும் தளர்வு பெரும்பாலும் சிறிது காலமே நிற்கும். அது நீடிக்கப் பயிற்சி வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்காக வெளியிட்ட வழிகாட்டுதலும் கைமுறைச் சிகிச்சையோடு உடற்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டைகளைப் பரிந்துரைக்கவில்லை. முழங்கால்களை மார்போடு அணைப்பது, தவழும் நிலையில் முதுகை வளைத்து நிமிர்த்துவது போன்ற எளிய பயிற்சிகளை என்னைச் செய்யவைத்துத் திருத்திய பிறகே இந்தச் சிகிச்சையாளர் அனுப்பினார். என்னைப் போல் குறுகிய விடுமுறையில் வருபவர்கள், எடுத்த அளவுகள், கையாண்ட படிநிலை, பயிற்சி விவரம் ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்; திரும்பிச் சென்றபின் அங்கே சிகிச்சை அளிப்பவர், இங்கே விட்ட இடத்திலிருந்து தொடர அது உதவும்.