சும்மா கிடக்கும் கணினியை எதற்குக் கொடுப்பது?

என் அக்கா மகன் இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவையில் இருக்கிறான். ஞாயிறு இரவு முகாமுக்குப் போனால் வெள்ளி மாலைதான் வீட்டுக்கு வருவான். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் அவன் வாங்கிய விளையாட்டுக் கணினி, அந்த ஐந்து நாளும் பொங்கோல் வீட்டில் அணைந்து கிடக்கும். "மாமா, சும்மாதானே கெடக்கு, ஏதாவது நல்ல காரியத்துக்குக் குடுக்கலாமா?" என்று ஒருநாள் கேட்டான். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அதன் கணக்கிடும் திறனை இணையம் வழியே ஆய்வுகளுக்கு இரவல் கொடுப்பதைத்தான் சொன்னான். பதில் தேடப் போய் மூன்று மாதம் ஓடிவிட்டது. பிளக்கில் மாட்டும் மின் அளவி ஒன்றை வாங்கி, அவன் கணினி, என் பழைய மடிக்கணினிகள் இரண்டு, வீட்டு ஃபைபர் இணைப்பு என எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் அந்த 'சும்மா'வைப் பார்க்க வேண்டும். 1999 மே மாதம் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 'செட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கியபோது அந்தச் சொல்லில் நியாயம் இருந்தது. அன்றைய கணினி வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஏறக்குறைய அதே மின்சாரத்தைத்தான் குடிக்கும். பெரும்பங்கு கனத்த குழாய்த் திரைக்கே போய்விடும். திரைக்காப்பாக ஓடிய ஒரு நிரல், விண்ணிலிருந்து வந்த வானொலி அலைகளில் வேற்றுலக அறிவின் தடயத்தைத் தேடியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31ஆம் தேதியோடு அது புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. இன்றைய சிப்களோ வேலை இல்லாதபோது தூங்கிவிடுகின்றன. எழுப்பி வேலை வாங்கினால் மீட்டர் ஓடும். ஆக, நாம் உண்மையில் நன்கொடையாகக் கொடுப்பது மின்கட்டணம். இங்கே ஒரு யூனிட் 30 காசையொட்டி ஏறி இறங்குகிறது. அந்தக் காசு எங்கே போனால் அதிகம் பயன் தரும் என்று பார்த்துத்தான் இந்த வழிகளை எடைபோட்டேன்.

அக்கா மகனின் கணினிக்கு முதலில் 'ஃபோல்டிங் அட் ஹோம்' போட்டேன். 2000ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய இந்தத் திட்டம், புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்று கணக்கிடுகிறது. புற்றுநோய், அல்சைமர் போன்ற நோய்களை மூலக்கூறு அளவில் புரிந்துகொள்ள அந்த அசைவுகள் வேண்டும். 2020இல் கொரோனா கிருமியின் முட்புரதம் திறக்கும் விதத்தை ஆராய உலகெங்கும் மக்கள் ஓடிவந்து சேர்ந்தபோது, நொடிக்கு ஒரு எக்ஸாஃப்ளாப் வேகத்தை எட்டிய உலகின் முதல் கணினி அமைப்பாக இது ஆனது. ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையில் ஒரே நொடியில் கணக்குகள் போடும் வேகம் அது. இதன் கணக்குகள் கிராஃபிக்ஸ் கார்டுக்கென்றே அளவெடுத்துத் தைத்தவை போல இருக்கும். பெரிய கணக்கைப் பிரித்து நம் கணினிக்கு அனுப்பும் ஒரு வேலைத்துண்டு சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை அவன் வருவதற்கு முன் 'ஃபினிஷ்' பொத்தானை அழுத்தினால் கையிலுள்ள துண்டை முடித்து அனுப்பிவிட்டு நிற்கும். ஐந்து நாள் ஓட்டம், இரண்டு நாள் ஓய்வு என்ற வாழ்க்கைக்கு இது கச்சிதம்.

ஆனால் அளவியைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. முழு வேகத்தில் 380 வாட். ஐந்து நாளுக்கு 45.6 யூனிட், கிட்டத்தட்ட 14 வெள்ளி. மாதத்துக்கு 59 வெள்ளி அளவில் வரும். அதோடு போகவில்லை. குடித்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகி அறையில் நிற்கிறது. குளிர்நாட்டில் ஓட்டுபவருக்கு அந்த வெப்பம் குளிர்கால ஹீட்டரில் கழிந்துவிடும். நமக்கு அதை வெளியேற்ற ஏர்கான் இன்னொரு தடவை மின்சாரம் கேட்கிறது. "ஏன்டா அந்த ரூமு அடுப்பாட்டம் கொதிக்குது?" என்று அக்கா இரண்டாம் நாளே கேட்டுவிட்டார். வெளிநாட்டவர் எழுதி நான் படித்த ஒப்பீடுகளில் இந்தக் கணக்கு வரவே இல்லை. இந்த ஊரில் அதுதான் முதல் கணக்கு.

கிராஃபிக்ஸ் கார்டின் மின்வரம்பை 60 சதவீதத்துக்குக் குறைத்ததும் நிலைமை மாறியது. மொத்தக் கணினியும் 270 வாட்டுக்கு இறங்கியது. வேகம் பத்தில் ஒரு பங்கு போலத்தான் குறைந்தது. கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் இந்த கார்டுகள் கொள்ளை மின்சாரம் எடுக்கின்றன. அதை விட்டுக்கொடுத்தால் வாரத்துக்கு 10 வெள்ளிக்குள் அடங்குகிறது. கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து, ஏர்கான் இல்லாமல் ஓட்டுகிறோம். இதைத் தொடங்கும் யாருக்கும் நான் சொல்லும் முதல் வேலை, மின்வரம்பைக் குறைப்பது.

அடுத்தது 'பாயிங்க்'. செட்டியை உருவாக்கிய பெர்க்லி குழுவினரே எழுதிய பொது மேடை இது. ஒரே நிரலில் பல திட்டங்களில் சேரலாம். 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' ஈர்ப்பலைகளையும், பல்சார்கள் என்ற வேகமாகச் சுழலும் விண்மீன் எச்சங்களையும் தேடுகிறது. 2010இல் அரெசிபோ தொலைநோக்கித் தரவிலிருந்து ஒரு புதிய பல்சாரைக் கண்டுபிடித்தபோது, அதைக் கணித்த வீட்டுக் கணினிகளின் சொந்தக்காரர்களுக்கும் பெருமை சேர்ந்தது. புரத வடிவங்களைக் கணிக்கும் 'ரொசெட்டா அட் ஹோம்' 2024இல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகத்தைச் சேர்ந்தது. மருத்துவம் போன்ற பொதுநல ஆய்வுகளுக்கான 'வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்' 2004இல் ஐபிஎம் தொடங்கியது. 2021இல் டொரோண்டோவின் கிரெம்பில் ஆய்வுக்கழகத்துக்குக் கைமாறியது. ஆக்ஸ்ஃபர்டின் பருவநிலைத் திட்டத்தில் ஒரே துண்டு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் ஓடும். ஐந்து நாள் கணினிக்கு அது ஒத்துவராது.

எத்தனை மணிக்கு ஓட வேண்டும், பிராசஸரில் எத்தனை சதவீதம் எடுக்கலாம், யாராவது விசைப்பலகையைத் தொட்டால் நிற்க வேண்டுமா என்று ஒவ்வொன்றையும் நாமே சொல்லிவைக்கலாம். இதில் ஃபோல்டிங்கைவிட பாயிங்க் ஒரு படி மேல். குறை, சில திட்டங்களில் வேலையே வராமல் நாள்கணக்கில் காத்திருக்க நேர்வது. அதனால் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்துவைப்பது நல்லது. பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் போன்ற திட்டங்களும் உண்டு. 2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை அது கண்டெடுத்தது. கணிதத்தை மதிக்கிறேன். ஆனால் எரிவாயுவை எரித்துத்தான் பெரும்பாலான மின்சாரம் தயாராகும் ஊரில் இருந்துகொண்டு, என் யூனிட்டுகளை மருந்தாய்வுக்கே கொடுப்பேன்.

என் பழைய மடிக்கணினிகளில் பாயிங்க் ஓட்டியதில்தான் பாடம் கற்றேன். ஒன்று 40 வாட். மாதத்துக்கு எட்டரை வெள்ளிதான், மலிவாகத் தெரிந்தது. ஆனால் அது ஒரு மாதம் முக்கி முனகிச் செய்யும் புரதக் கணக்கை அக்கா மகனின் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு நாளுக்குள் முடித்துவிடும். செலவிடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் எவ்வளவு அறிவியல் கிடைக்கிறது என்று பார்த்தால் பழைய கணினிதான் ஆக விலையுயர்ந்தது. அதைவிட மோசம், மூன்றாவது மாதம் அடிப்பக்கம் உப்பிக்கொண்டு மேசையில் ஆடியது. பேட்டரி வீங்கியிருந்தது. இரவும் பகலும் சூட்டில், பிளக்கிலேயே கிடந்தால் பழைய பேட்டரிக்கு இந்த ஆபத்து உண்டு, யாரும் இல்லாத வீட்டில் அது தீப்பிடித்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். முடியாதென்றால் ஓட்டவே வேண்டாம்.

அப்போதுதான் யோசித்தேன். மடிக்கணினியின் திறனை ஏன் கொடுக்க வேண்டும், மடிக்கணினியையே கொடுத்தால் என்ன? 2020 ஏப்ரலில் பள்ளிகள் வீட்டில் இருந்தபடி கற்கும் முறைக்கு மாறியபோது, கணினி இல்லாத பிள்ளைகளுக்காக இன்ஜினியரிங் குட் என்ற உள்ளூர்த் தொண்டு அமைப்பு பழைய மடிக்கணினிகளைத் திரட்டி, தொண்டூழியர்களைக் கொண்டு பழுதுபார்த்துக் கொடுத்தது. மூன்று பிள்ளைகள் ஒரு கைப்பேசியைப் பகிர்ந்து பாடம் படிக்கும் வீட்டில் அந்த மடிக்கணினி செய்யும் வேலையை எந்தப் புள்ளிப்பட்டியலும் காட்டாது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததால், நன்றாக ஓடும் ஏராளமான கணினிகள் இப்போது அலமாரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எவ்வளவு பழையதுவரை ஏற்பார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வட்டைத் துடைத்துக் கொடுங்கள். பேட்டரி வீங்கியதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, அது மின்கழிவு.

இதுவரை வராதது இணைப்பு. இந்த ஊரில் உண்மையிலேயே மிச்சம் கிடப்பது அதுதான். வீட்டுக்கு வீடு ஒரு கிகாபிட் ஃபைபர், தரவு வரம்பு கிடையாது, ரவுட்டர் எப்படியும் 24 மணி நேரமும் ஓடுகிறது. பார்ப்பவர் யார் என்பதை மறைக்க, இணையத் தகவலைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் வலை டோர். அந்தத் திட்டத்தின் 'ஸ்னோஃபிளேக்' ஒரு உலாவி நீட்சி. இணையம் தணிக்கைக்குள்ளான நாட்டிலிருப்பவர் டோர் வலைக்குள் நுழைய உங்கள் உலாவி வாசற்படியாகிறது. அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் முகவரி தெரியாது. அந்த வலையில் கடைசியாக நிற்கும் கணினியின், அதாவது கடைசிக் கணுவின், முகவரிதான் தெரியும். 2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டம் வெடித்தபோது இதன் பயன்பாடு மளமளவென ஏறியது. அந்தக் கடைசிக் கணுவை மட்டும் வீட்டில் நடத்தாதீர்கள். யாரோ செய்யும் குற்றத்தின் தடம் உங்கள் கதவில் வந்து முடியும்.

'ஆர்க்கைவ் டீம்' குழுவின் 'வாரியர்' இன்னொரு வகை. மூடப்போகும் தளங்களைப் பலரின் வீட்டு இணைப்புகள் சேர்ந்து நகலெடுத்து வைக்க, உங்கள் கணினிக்குள்ளேயே தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் கணினி அது. தமிழருக்கு இதன் அருமை புரியும். மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று யாஹூ குழுமங்களில் நம்மவர் எழுதிக் குவித்ததை நினைத்துப் பாருங்கள். 2019 அக்டோபரில் யாஹூ அவற்றை நீக்கப்போவதாக அறிவித்தபோது, அள்ள முடிந்ததை அள்ள ஓடியவர்கள் இந்தத் தொண்டர்கள்தான். இதற்கு வேண்டிய கணினித் திறன் சொற்பம். ஸ்னோஃபிளேக்குக்கோ ஐந்து வாட் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் பலகையே போதும், மாதத்துக்கு ஒரு வெள்ளிதான் மின்சாரம் கேட்கும். நான் அதில்தான் ஓட்டுகிறேன்.

இணைப்பை வாடகைக்கு எடுத்துக் காசு தருவதாகச் சொல்லும் செயலிகளை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். யார், எதற்கு உங்கள் முகவரியைப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அலுவலகக் கணினியிலும் பள்ளிக் கணினியிலும் அனுமதியில்லாமல் இவற்றில் எதையும் நிறுவாதீர்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி: திங்கள் முதல் வெள்ளி வரை அக்கா மகனின் கணினியில் வரம்பு குறைத்த ஃபோல்டிங், மின்கட்டணத்தில் பாதி என் பங்கு. என் வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் சிறு பலகை. இரண்டாவது மடிக்கணினியைத் துடைத்து, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, சார்ஜரோடு பையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும்.