கையெழுத்து மல்டிபிளேயர் கேம்: பிரவுசரா, கேம் எஞ்சினா?

நான்கு பேர் நான்கு சாதனங்களில் ஒரே சொல்லை எழுதுகிறார்கள். முதலில் சரியாக எழுதி முடித்தவர் வெல்கிறார். இப்படியொரு ஆன்லைன் கேமை முதன்முதலாகக் கட்ட உட்காரும் குழு, தொடக்கத்திலேயே ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். பிரவுசரில் வரைவதற்குக் கேன்வாஸும், சர்வரோடு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் ஒரு நோட்.ஜேஎஸ் சர்வர் ஓட்டுவதா? கேம் கட்டுவதற்கென்றே உள்ள யூனிட்டி, கோடாட் போன்ற எஞ்சினை எடுத்து அதன் நெட்வொர்க் வசதியை நம்புவதா? பிரவுசரைத்தான் எடுக்கச் சொல்வேன்.

எஞ்சினின் பலம் தெரிந்ததே. அனிமேஷன், ஒலி, ஆப் ஸ்டோருக்கான பேக்கேஜ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பிரவுசரில் இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

நெட்வொர்க் விஷயத்தில்தான் கணக்கு தவறுகிறது. எஞ்சின்களின் நெட்வொர்க் கருவிகள் பெரும்பாலும் ஓடும், சுடும் பாத்திரங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஓடுகிற வீரர் கால் நொடி முன்பு எங்கே இருந்தார் என்பது யாருக்கும் வேண்டாம்; ஒரு தகவல் தொலைந்தால் அடுத்தது வந்து சரிசெய்துவிடும். தொலைந்ததைத் திரும்ப அனுப்பாத யூடிபி என்ற முறை அங்கே பொருந்தும். கையெழுத்தில் சில புள்ளிகள் தொலைந்தால் சுழி இருந்த இடத்தில் நேர்கோடு விழுந்து, ஆட்டம் முடியும்வரை அப்படியே நிற்கும்; 'ண' எழுதியது 'ன' ஆகிவிடும். சற்றுத் தாமதமானால் பரவாயில்லை, இழப்பும் வரிசை மாற்றமும் கூடாது. தொலைந்ததைத் திரும்ப அனுப்பி வரிசையையும் காக்கும் டிசிபி முறையின் மேல் ஓடும் வெப்சாக்கெட் இதைத்தான் தருகிறது. யூனிட்டி கேமை வெப் பில்டாக, அதாவது பிரவுசரில் ஓடும் வடிவமாக வெளியிட்டாலும் பிரவுசருக்குள் யூடிபி சாக்கெட் திறக்க முடியாது. சுற்றிவளைத்துப் பெரும்பாலும் வெப்சாக்கெட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

அனுப்பும் அளவும் சிறியதே. ஒரு புள்ளியின் கிடைமட்ட இடத்துக்கு 2 பைட், செங்குத்துக்கு 2, முந்தைய புள்ளியிலிருந்து கடந்த மில்லிநொடிகளைக் குறிக்க 1, ஆக 5. நொடிக்கு 60 புள்ளி என்றால் 300 பைட். ஒவ்வொரு புள்ளியையும் தனியாக அனுப்பாமல் 50 மில்லிநொடிக்கு ஒருமுறை மும்மூன்றாகக் கட்டி அனுப்புங்கள். ஆறு பேர் இருக்கும் அறையில் சர்வர் ஒவ்வொரு கட்டையும் மற்ற ஐவருக்கும் தனித்தனியே தள்ளினால் நொடிக்கு 600 செய்தி. 50 மில்லிநொடிக்குள் வந்ததைச் சேர்த்து ஆளுக்கொன்றாக அனுப்பினால் 120 போதும். அறையில் ஆட்கள் கூடக்கூட இந்தக் கணக்கு வேகமாக மாறும். அப்போது அளந்து பார்த்துத்தான் பேச வேண்டும்.

இவற்றையெல்லாம்விட, தராசைச் சாய்ப்பது சோதனை. கையெழுத்து கேமை உண்மையான கைகளும் உண்மையான சாதனங்களும் இல்லாமல் சோதிக்க முடியாது. கோடாட் எடிட்டரில் ஒரே கணினியில் நான்கு பிரதிகளை ஓட்டலாம். ஆனால் நான்கையும் இயக்குவது ஒரே மவுஸ்தான். விரல் எழுத்தின் கோணல், ஸ்டைலஸ் பிடித்தவர் உள்ளங்கையை ஊன்றும்போது விழும் போலித் தொடுகை, மெதுவான ஃபோனில் வேகமாகச் சுழித்தால் வளைவு பலகோணமாவது, எதுவும் மவுஸில் தெரியாது. ஏதாவது ஒரு எண்ணை மாற்றி, நான்கு பேர் கையில் கொடுத்து எழுதவைத்து, மறுபடி மாற்றி என்று நாள் முழுக்க நடக்கும் வேலை இது. பிரவுசரில் கோப்பைச் சேமித்து, எல்லோரும் பக்கத்தைப் புதுப்பித்தால் முடிந்தது. எஞ்சினில் ஆப்பாகச் செய்தால் ஒவ்வொரு முறையும் பில்ட் எடுத்து ஒவ்வொரு சாதனத்திலும் நிறுவ வேண்டும். ஐஃபோன் இருந்தால் மேக் கணினி, எக்ஸ்கோட் என்ற ஆப்பிள் மென்பொருள், ஆப்புக்கு டிஜிட்டல் கையொப்பமிடும் சைனிங் என்று தனி வேலை. சலித்துப்போய் யாராவது பழைய பில்டிலேயே இருந்துவிடுவார். செய்தியில் ஒரு பைட் கூட்டியிருந்தால் போதும், பழைய பில்ட் புள்ளிகளைத் தள்ளிப் படித்து எழுத்தைக் கிறுக்கலாக்கிவிடும். குழுவோ நெட்வொர்க்கில் கோளாறு தேடிக்கொண்டிருக்கும். வெளியிட்ட பிறகும் இந்தத் தலைவலி தீராது. பிரவுசரிலும் பழைய டேப் திறந்தே கிடக்கலாம் என்பதால், இணைந்ததும் போகும் முதல் செய்தியில் பதிப்பு எண்ணை வையுங்கள். பொருந்தாவிட்டால் சர்வர் மறுத்து, பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லட்டும்.

பிரவுசரிலும் பள்ளங்கள் உண்டு. கேன்வாஸுக்கு சிஎஸ்எஸ்ஸில் டச்-ஆக்‌ஷன் நன் (touch-action: none) என்று எழுத மறந்தால், பிரவுசர் விரலசைவை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு தொடுகை ரத்து என்று சொல்லும் பாயின்டர்கேன்சல் (pointercancel) அனுப்பும். கோடு பாதியில் அறுந்துவிடும். பேனா திரையில் இருக்கும்போது வரும் விரல் தொடுகைகளைப் புறக்கணியுங்கள். ஒரே ஃபிரேமில் ஒன்றாக்கப்பட்ட புள்ளிகளை கெட்கோயலெஸ்ட்இவென்ட்ஸ் (getCoalescedEvents) மூலம் திரும்ப எடுங்கள். கோடாட்டிலும் இதே சேர்ப்பு இயல்பாக நடக்கும், அங்கே அதை அணைத்துவிடலாம். கேன்வாஸின் அகலத்தை மாற்றினால் வரைந்ததெல்லாம் அழியும். ஃபோனைத் திருப்பியதும் எழுத்து மறைவது இதனால்தான். ஆகவே கோடுகளைப் பட்டியலாக வைத்திருந்து மறுபடி வரையுங்கள். இடங்களைத் திரைப் பிக்சலில் குறிக்காமல் 0 முதல் 4095 வரையிலான சதுரத்தில் குறியுங்கள். பின்னணிக்குப் போன டேபில் டைமர் மந்தமாகும், அதனால் ஆட்டக் கடிகாரம் சர்வரில்தான் ஓட வேண்டும். உங்கள் சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை சர்வர் இருந்தால், அது 60 நொடி சர்வரிடமிருந்து எதுவும் வராத இணைப்பை இயல்பாகவே துண்டிக்கும். அதனால் 25 நொடிக்கு ஒரு பிங், அதாவது இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு செய்தி, அனுப்புங்கள். அறுந்து திரும்பியவர் கடைசியாகப் பெற்ற கட்டின் எண்ணைச் சொன்னால், அங்கிருந்து மீதியைக் கொடுக்கும்படி சர்வர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எழுத்தை அடையாளம் காணும் வேலை இரு வழிக்கும் பொது. வெற்றியைத் தீர்மானிப்பதால் அது சர்வரில் இருக்கட்டும். வரைந்ததை மாதிரிகளோடு ஒப்பிடும் முறைகளில், 2007-இல் வந்த டாலர்-ஒன் ($1) ஒற்றைக் கோட்டுக்கானது, உருவைச் சுழற்றி ஒப்பிடுவதால் திசையால் மட்டும் வேறுபடும் எழுத்துகளைக் குழப்பும். 2012-இல் வந்த டாலர்-பி ($P), கோடுகளின் எண்ணிக்கையையோ வரிசையையோ பார்ப்பதில்லை. அது எழுத்தை வழக்கமாக 32 புள்ளிகளாக்கி ஒப்பிடும்; சுழி மிகுந்த எழுத்துகளுக்கு 64 வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் வேலை ஐந்து மடங்குக்கு மேல் கூடும். எழுத்துக்கொரு பெட்டி கொடுங்கள், சேர்த்து எழுதிய சொல்லை இந்த முறை பிரிக்காது. எழுதும் வரிசைக்கு மதிப்பெண் தர வேண்டுமானால் அதற்குத் தனிச் சோதனை எழுத வேண்டும்.

குழுவில் ஒருவர் ஏற்கெனவே கோடாட்டில் தேர்ந்தவர், அல்லது கையெழுத்து ஒரு 3டி கேமின் சிறு பகுதி மட்டுமே என்றால் எஞ்சின் சரிதான். அப்போதும் வேறு சாதனத்திலுள்ள ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும் அதன் ஆர்பிசி முறையை விட்டுவிட்டு, வெறும் வெப்சாக்கெட்டை (கோடாட்டில் வெப்சாக்கெட்பியர்) பயன்படுத்தி, மேலே சொன்ன 5 பைட் வடிவத்திலேயே நோட்.ஜேஎஸ் சர்வரோடு பேசவையுங்கள். அதே அறைக்குள் பிரவுசரிலிருந்தும் ஒருவர் வந்து எழுத முடியும்.