'எக்ஸ்சேஞ்ச்' என்று சொல்லிப் பணம் கேட்டால் அது எக்ஸ்சேஞ்சே இல்லை

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, இது நீங்கதானே?" என்று ஜூனியர் ஒருத்தி கேட்டாள். நான்தான். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால், இரவல் வாங்கிய ஜாக்கெட்டில், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே "எங்கள் செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் மாணவி! 2026 கோடைப் பருவத்துக்கு நீங்கள் தயாரா?" என்று போட்டிருக்கிறார்கள். போய் இறங்கிய சந்தோஷத்தில், என்னை ஜெர்மனிக்கு அனுப்பிய கன்சல்டன்சியின் குரூப்பில் நானே போட்ட படம் அது. எடுத்து ரெண்டு மணி நேரத்துக்குள் நான் எக்ஸ்சேஞ்ச் மாணவியே இல்லை என்று தெரிந்துவிட்டது, அது வேறு கதை. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். வழக்கு நடப்பதால் கன்சல்டன்சி பெயரும் கல்லூரிப் பெயரும் போடவில்லை, கமெண்டில் கேட்காதீர்கள்.

கோவைப் பக்கம் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ் படிக்கிறேன். அப்பாவுக்கு கணபதியில் சின்ன லேத் பட்டறை. 2024 தொடக்கத்தில், நான் நாலாவது செமஸ்டர் படிக்கும்போது, செமினார் ஹாலில் கூட்டம் போட்டார்கள். பேசியது கல்லூரிக்காரர் இல்லை, டை கட்டிய கன்சல்டன்சி ஆள். ஆனால் முதல்வர் மேடையில் உட்கார்ந்திருந்தார், எங்களுக்கு அது போதுமாக இருந்தது. ஐந்தாவது செமஸ்டரை ஜெர்மனியில் படிக்கலாம், மார்க் அப்படியே இங்கே ஏறிவிடும், மொத்தச் செலவு 2,85,000 ரூபாய் என்றார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏனுங்க தம்பி, அங்க போய் வேற ஏதாச்சும் கட்டோணுமுங்களா?" "ஒரு ரூபாய் கூட வேண்டாம் சார், எல்லாம் இதுலயே அடக்கம்." முன்பணம் 25,000, அப்புறம் வங்கி வழியாக 1,60,000, மீதி ஒரு லட்சம் ரொக்கமாக. ரசீதில் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் இருந்தது. படிப்புக் கட்டணம் என்றோ எக்ஸ்சேஞ்ச் என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லை என்பதை இன்றைக்குப் படிக்கும்போது பார்க்கிறேன், அன்றைக்குத் தொகை சரியா என்று மட்டும்தான் பார்த்தேன்.

விசாவுக்கு முடக்கக் கணக்கு வேண்டும், அதாவது மாதம் 934 யூரோ வீதம் ஆறு மாதத்துக்கு 5,604 யூரோ, கிட்டத்தட்ட ஐந்து லட்சம், முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். (அந்த வருஷம் செப்டம்பரில் இருந்து மாதம் 992 ஆகிவிட்டது.) அது நம் பணம்தான், மாதாமாதம் நமக்கே திரும்பி வரும், அதில் ஏமாற்று இல்லை. அம்மாவின் நகை அடகுக்குப் போனது அதற்காக. ஆனால் ஆன்லைனில் நாமே திறக்கக்கூடிய அந்தக் கணக்கைத் "திறந்து கொடுக்க" தனியாக 15,000 வாங்கினார்கள்.

அனுமதிக் கடிதம் ஜெர்மனில் வந்தது. எனக்கு அந்த மொழியில் ஏ1 என்கிற முதல் நிலை வரைதான் தெரியும், ஆப்பிள் என்ன விலை என்று கேட்பேன். அதில் 1,500 யூரோ என்று ஒரு வரி கண்ணில் பட்டு, இது என்ன என்று கேட்டேன். "அது பொதுவான டெம்ப்ளேட்மா, உனக்கு வராது" என்றார் டை ஆள். நானும் விட்டுவிட்டேன்.

இனி அந்த ரெண்டு மணி நேரம். படம் எடுத்துக்கொண்டு நேராக சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போய், நான் எக்ஸ்சேஞ்சில் வந்திருக்கிறேன் என்றேன். அங்கிருந்த அம்மா சிரித்துக்கொண்டே "உன்னை யார் நாமினேட் செய்தது?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. இப்போது புரிகிறது: நிஜ எக்ஸ்சேஞ்சில் முதலில் நம் கல்லூரி தன் மாணவர்களில் இத்தனை பேர் என்று தேர்ந்தெடுத்து, பெயர்களை அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுதான் நாமினேஷன். அதற்கப்புறம்தான் விண்ணப்பிக்கும் இணைப்பே நமக்கு வரும். அவர் திரையை என் பக்கம் திருப்பி, கூட்டாளிக் கல்லூரிகளின் பட்டியலில் இந்தியா வரைக்கும் மெதுவாக இறக்கிக் காட்டினார். ஆறோ ஏழோ பெயர்கள். நான் ரெண்டு தடவை படித்தேன், எங்கள் கல்லூரி இல்லை. "நீ தனியாக விண்ணப்பித்து வந்த வருகை மாணவி, அதனால் 1,500 யூரோ கட்டினால்தான் பதிவு முடியும்" என்றார். நல்ல மனுஷி, எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அந்த 1,500 யூரோ அவர்கள் இஷ்டத்துக்குக் கேட்டதும் இல்லை. நான் போனது பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஸ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூஹவும் இருக்கிற மாநிலம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் 2017 குளிர்காலப் பருவத்திலிருந்து அங்கே செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஒப்பந்தத்தின் கீழ் வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு அது கிடையாது. சென்னை ஐஐடியில் படிக்கும் என் சித்தி மகன் முறையாக நாமினேட் ஆகி ஜெர்மனிக்குப் போய் வந்தவன். அவன் தன் கல்லூரிக்கு வழக்கமான கட்டணம் கட்டினான், அங்கே படிப்புக் கட்டணம் என்று ஒன்றும் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சின்னத் தொகை மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியம் மாணவர் பரிமாற்றத்துக்குக் கொடுக்கும் எராஸ்மஸ் உதவித்தொகையில் போகிறவர்களிடமும் அங்குள்ள பல்கலைக்கழகம் படிப்புக் கட்டணமோ தேர்வுக் கட்டணமோ வாங்கக் கூடாது. எக்ஸ்சேஞ்ச் என்றாலே அதுதான், நீ உன் கல்லூரிக்குக் கட்டு, அங்கிருந்து வருகிறவன் அவன் கல்லூரிக்குக் கட்டட்டும். நடுவில் ஒருத்தர் 2,85,000 வாங்க இதில் இடமே இல்லை.

அப்பா புது மில்லிங் மெஷினுக்கு வைத்திருந்த பணத்தில் இருந்து 1,38,000 அனுப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அறை ஏற்பாடும் அவர்களுடையதுதான், மூன்று பேருக்கு ஒரு அறை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் நகராட்சியில் முகவரி பதிய முடியாது, அதைக் குடிவந்த ரெண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டவர் சான்று தர மறுத்துவிட்டார். முகவரிப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்குத் திறக்க மாட்டோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள், வங்கிக் கணக்கு இல்லாமல் முடக்கக் கணக்கில் இருந்த என் சொந்தப் பணமே கைக்கு வரவில்லை. நவம்பரில் வேறு அறை கிடைக்கும் வரை ரொட்டியும் முட்டையும்தான்.

இவ்வளவும் பணத்தோடு போயிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். போனது ஒரு வருஷம். அங்கே நாலு பாடம் எடுத்தேன். தேர்வுக்கு ஆன்லைனில் தனியாகப் பதிய வேண்டும், அதற்குக் கெடு உண்டு என்பது தெரியாமல் ஒன்றைக் கோட்டை விட்டேன், அது என் தப்பு. மீதி மூன்றில் பாஸ், 17 கிரெடிட். திரும்பி வந்து மார்க் பட்டியலைத் தேர்வுப் பிரிவில் கொடுத்தால், "1.7 தானேம்மா எடுத்திருக்கே, இது பாஸ் மார்க்கே இல்லையே" என்கிறார் ஒருத்தர். ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0 வரை பாஸ் என்று புரிய வைக்கவே ரெண்டு நாள் ஆனது. அப்புறம் துறைத் தலைவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் முடிந்தது. "லேர்னிங் அக்ரிமென்ட் எங்கே?" எந்த ஜெர்மன் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று மாணவர், நம் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம் மூன்று தரப்பும் போவதற்கு முன்பே கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது. எனக்கு அப்படி ஒன்று போடப்படவே இல்லை. ஐந்தாவது செமஸ்டரில் ஏழு பேப்பரிலும் ஆப்சென்ட்.

ஆறாவது செமஸ்டரும் கை நழுவியது. இங்கே ஜனவரியில் வகுப்பு தொடங்கிவிடும். அங்கே குளிர்காலப் பருவத்தில் அக்டோபர் நடுவில்தான் வகுப்பு ஆரம்பம், பிப்ரவரி நடுவில் முடியும், அதற்குப் பிறகுதான் தேர்வு. மார்ச் ரெண்டாவது வாரம் நான் வகுப்பில் உட்கார்ந்தபோது 75 சதவீத வருகைக்கு வழியே இல்லை. இந்தக் கணக்கு ஒரு காலண்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். எட்டாயிரம் மாணவர் படிக்கும் கல்லூரியில் ஒருத்தர் கூடவா பார்க்கவில்லை? என் பேட்ச் இப்போது பிளேஸ்மென்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் ஐந்தாவது செமஸ்டரை மறுபடி படிக்கிறேன். விளம்பரத்தை அனுப்பிய ஜூனியர் இப்போது என் வகுப்புதான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

முதல்வர் அறைக்கு வெளியே அந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், பூங்கொத்தோடு போட்டோ வேறு. தினம் அதைத் தாண்டித்தான் போவேன். திரும்பி வந்த பிறகு ஒருநாள் நின்று முழுசாகப் படித்தேன். ரெண்டு பக்கம். கையெழுத்தான வருஷம் 2017, ஐந்து வருஷத்துக்குச் செல்லும். "மாணவர் பரிமாற்றத்துக்கான வாய்ப்புகளை ஆராய்வது" என்று இருக்கிறதே தவிர, கட்டண விலக்கு பற்றி ஒரு வரி இல்லை. 2022லேயே செத்துப்போன காகிதத்தைக் காட்டித்தான் 2024ல் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று ஒரு வரி பதில். கல்லூரி, அது மாணவிக்கும் கன்சல்டன்சிக்கும் இடையிலான விஷயம் என்றது. 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், அப்புறம் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் போட்டேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என் கையில் இருக்கும் ஒரே நல்ல ஆதாரம், "இது செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச்தான், எக்ஸ்ட்ரா ஃபீஸ் இல்லை" என்று டை ஆள் வாட்ஸப்பில் அனுப்பிய மெசேஜ். ரொக்கமாகக் கொடுத்த ஒரு லட்சத்துக்கு ஒன்றும் இல்லை. முதல் வாய்தாவுக்கு அவர்கள் வரவில்லை.

ஜூனியர் அடுத்து அனுப்பிய மெசேஜ்: "அக்கா, நான் 25,000 கட்டிட்டேன்." அன்றைக்கு ராத்திரி அவளோடு உட்கார்ந்து, ஜெர்மன் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்பான ஹெச்ஆர்கே வைத்திருக்கும் சர்வதேச ஒப்பந்தத் தரவுத்தளத்தில் எங்கள் கல்லூரியைத் தேடினோம். இலவசம்தான், அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எந்த வெளிநாட்டுக் கல்லூரியோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன என்று பார்க்கலாம். எங்கள் பெயர் வரவில்லை. விட்டுப்போயிருக்கலாம் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கே ஒரு மெயில் போட்டாள், எங்கள் கல்லூரியில் இருந்து 2026 கோடைக்கு நாமினேஷன் வந்திருக்கிறதா என்று நாலே வரியில். மறுநாள் மதியமே பதில் வந்துவிட்டது, அப்படி ஒப்பந்தமே இல்லை என்று. அந்த மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அவளும் அவள் அப்பாவும் நாளைக் காலை பத்து மணிக்கு அந்த கன்சல்டன்சி ஆபீஸுக்குப் போகிறார்கள். நானும் கூடப் போகிறேன்.